கவிழ்த்து வைத்த கிடாரம்

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. மலாயாவின் ஈப்போவில் பதினொரு நாட்களாக மழை இல்லை. காலை எட்டு மணிக்கே வெயில் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வெள்ளையாக விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. அன்று மீனாள் ஆச்சி சொன்ன ஒரு வாக்கியத்தை, அதைக் கேட்டவர்கள் எவரும் தம் ஆயுள் முடியும்வரை மறக்கவில்லை.

அந்த வாக்கியம் பிறந்த இடம் ஒரு சமையற்கட்டு. ஆகவே அந்தச் சமையற்கட்டை முதலில் விளக்க வேண்டும்.

மீனாள் தேவகோட்டையில் பிறந்தவர். செட்டிநாட்டு ஆச்சிமார் கடல் தாண்டுவது அரிதாக இருந்த காலத்தில், 1937ஆம் ஆண்டு, கணவர் சேவுகன் செட்டியாருடன் ஈப்போவுக்கு வந்தார். அவருடன் நாற்பத்து மூன்று பாத்திரங்களும் கப்பலில் வந்தன. அவை தாய் வீட்டுச் சீர். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவருடைய பெயர் வெட்டப்பட்டிருந்தது. அவற்றுள் மிகப் பெரியது, இருநூறு பேருக்குச் சோறு வடிக்கும் பித்தளைக் கிடாரம். 1941ஆம் ஆண்டு நவம்பரில் அண்ணன் மகன் திருமணத்திற்காகச் சேவுகன் ஊருக்குப் புறப்பட்டார். அடுத்த மாதம் சப்பானியர் வந்தனர், கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. அப்போது மீனாளுக்கு வயது இருபத்தொன்பது.

லகாட் சாலையில் இருந்த அவர்களது வீட்டின் மேல்மாடியைச் சப்பானியர் தங்கள் கிடங்காக எடுத்துக்கொண்டனர். மேலே இருந்த பாத்திரங்கள் அனைத்தும் கீழே, சமையற்கட்டுக்கு இறங்கின. அதன் நீளம் பதினான்கு அடி, அகலம் ஒன்பது அடி. அங்கு ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் சமைத்துக்கொண்டிருந்தன. ரயில்வே எழுத்தர் விஸ்வலிங்கத்தின் மனைவி, யாழ்ப்பாணத்துச் செல்லாச்சி, பின்னறையில் குடியிருந்தார். சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ராக்காயி, மீனாளுக்கு உதவியாக இருந்துகொண்டு அடுப்படியிலேயே படுத்துக்கொண்டார். மூன்று அடுப்புகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு விறகுக் குவியல். இவற்றுக்கிடையே நாற்பத்து மூன்று பாத்திரங்கள்.

"தங்கச்சி, இது குசினியோ, கோயில் மடப்பள்ளியோ?" என்று செல்லாச்சி நாள்தோறும் கேட்பார். "மரவள்ளி மாவிலை புட்டவிக்கிறதுக்கு எனக்கொரு முழம் இடம் தாருமன். உம்மடை அண்டாவுக்குள்ளை இறங்கி நிண்டோ அவிக்கிறது?"

"இறங்குங்கக்கா, நான் மூடி போடுறேன்," என்பார் மீனாள்.

எதை எங்கே வைப்பது என்று அவர் ஒரு மாதம் யோசித்தார். உறியில் தொங்கவிட்டார், கயிறு அறுந்தது. திண்ணமான பலகையில் வைத்தார், பலகை வளைந்தது. பெரியதற்குள் சிறியதை இட்டு வைக்கலாம் என்றார் செல்லாச்சி. அப்படி வைத்தால் ஒரு செம்பு எடுக்க ஒன்பது பாத்திரங்களைத் தூக்க வேண்டியிருந்தது. கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் இடம் பாதியாகும் என்றும் செல்லாச்சி சொன்னார். அதற்கு மட்டும் மீனாள் இணங்கவில்லை; ஏன் என்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில், வாசலைவிட்டுப் பிணம் இறங்கிய அன்றுதான் பெரிய பாத்திரத்தைக் கவிழ்ப்பார்கள். பதினாறு நாட்கள் அதை ஒருவரும் தொடமாட்டார்கள். கணவர் இருக்குமிடம் தெரியாத ஒரு பெண் அதைச் செய்வாளா?

எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறு வகையில் விடை கிடைத்தது. ராக்காயியின் கணவர் அப்பாவு, ஒரு நாள் நண்பகலில் கொல்லைப்புறக் கதவைத் தட்டினார். சயாமில் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டத்து ஆண்களை லோரியில் ஏற்றியபோது, சிம்பாங் பூலாய்ச் சந்திப்பில் குதித்து ஓடிவந்திருந்தார். முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. முன்னர் ஏற்றப்பட்ட ராக்காயியின் இரு தம்பிகளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அகப்பட்டால் அப்பாவுவுக்குச் சயாம்கூட இல்லை, கழுத்து வெட்டு என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

"ஆச்சி, ஒரு வாரம் மட்டும் லா. அப்புறம் எங்கயாச்சும் போயிருவாரு," என்றார் ராக்காயி.

மீனாள் அவரைப் பார்க்கவில்லை, பாத்திரங்களைப் பார்த்தார். பிறகு மூன்று பெண்களுமாக விறகுக் குவியலை அகற்றினர். பின்சுவரிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, கிடாரத்தையும் இரண்டு அண்டாக்களையும் வரிசையாக நிறுத்தினர். அவற்றின் வாயில் பலகை இட்டு, அதன்மேல் தவலைகள், அதன்மேல் குடங்கள், அதற்கும் மேல் குண்டான்களும் தூக்குகளும் செம்புகளும். எல்லாம் வாய் மேல்நோக்கியே இருந்தன. ஆள் உயரத்திற்கு ஒரு பித்தளைச் சுவர் எழுந்தது. சுவருக்குப் பின்னால் அப்பாவு கால் மடக்கி உட்காரலாம், நீட்ட முடியாது. ஓரத்துக் குடம் ஒன்றை எடுத்தால் சோறு கொடுக்கலாம். செல்லாச்சிக்கும் ஒரு முழம் இடம் கிடைத்தது.

ஒரு வாரம் என்றது இரண்டு மாதங்களாயிற்று. ஆள் தேடிச் சிப்பாய்கள் இரண்டு முறை வந்தார்கள். புளி கிடைக்காததால் பிலிம்பிக்காயால் துலக்கப்பட்டிருந்த அந்தப் பித்தளையில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இனி, மீனாள் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். மார்ச் மாதத்தில், அதாவது அப்பாவு வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், பித்தளையும் வெண்கலமும் வைத்திருப்போர் பட்டியல் தர வேண்டும் என்று சப்பானியர் நியமித்த அக்கம்பக்கத் தலைவர் தாள் கொண்டுவந்தார். செல்லாச்சி தம்மிடமிருந்த பத்தில் இரண்டை மட்டும் எழுதினார். ஊரே அப்படித்தான் எழுதியது. மீனாளோ திருமணத்தன்று சபையில் படிக்கப்பட்ட சீர்ப் பட்டியலை எடுத்துவைத்து, ஒன்றுவிடாமல் படியெடுத்துக் கொடுத்தார். "முதலாவது: கிடாரம், பித்தளை, ஒன்று." சீரில் ஒன்றைக் குறைத்து எழுதுவது பெற்றவர்களையே குறைத்து எழுதுவதாகும் என்பது அவருடைய எண்ணம். எழுதிக் கொடுத்ததை அவர் மறந்தும்போனார்.

ஜூலை ஒன்பதாம் நாள் காலையில் வாசலில் லோரி நின்றது. ஆள் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அனைவரும் நினைத்தனர். அப்பாவு வழக்கம்போல் சுவருக்குப் பின்னால் ஒடுங்கினார். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் இருவர். ஒருவன் கொல்லைப்புறச் சந்தினை அடைத்து நின்றான், மற்றவன் வாசலில். அவர்களுடன் வந்தவர் பத்துமலை என்னும் உள்ளூர்த் தமிழர்; முன்பு தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர்; இப்போது உலோகம் சேர்க்கும் அலுவலகத்தில் கணக்கர். அவர் கையிலிருந்த அட்டையில் ஒரு தாள் செருகப்பட்டிருந்தது. அதிலிருந்தது தம் கையெழுத்து என்பதை மீனாள் கண்டார்.

"ஆள் தேடி வரல ஆச்சி, பயப்படாதீங்க," என்றார் பத்துமலை. "பித்தளைக்குத்தான் வந்திருக்கோம். நாப்பத்து மூணு உருப்படி. எல்லாத்தையும் லோரியில ஏத்தணும்."

எந்தச் சுவர் காப்பாற்றும் என்று நம்பினார்களோ, அந்தச் சுவரையே எடுத்துப்போக வந்திருக்கிறார்கள். மீனாள் சமையற்கட்டின் நிலைப்படியை மறித்து நின்றார். 

"வெள்ளிக்கிழமை. அடுப்படிக்குள்ள சப்பாத்துக் கால் வரக் கூடாது. நாங்களே எடுத்தாந்து தாரோம்."

பத்துமலை சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் சலிப்புடன் தலையசைத்தான். "சுருக்கா ஆகட்டும் ஆச்சி. இவனுங்க கையும் காலும் சும்மா இருக்காது."

மூன்று பெண்களும் சுமந்தனர். செம்புகள் போயின, தூக்குகள் போயின. ஒவ்வொன்றையும் பத்துமலை உரக்கப் படித்துக் கோடு போட்டார். குடங்கள் இறங்கியபோது அப்பாவுவின் தலைமுடி தெரிந்தது. தவலைகள் இறங்கியபோது முகம் முழுவதும் தெரிந்தது. அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"கதவடியிலை நிண்டு மறைக்கிறன்," என்று செல்லாச்சி முணுமுணுத்தார். "ஏதாவது செய்யும், தங்கச்சி. கெதியா."

இரண்டு அண்டாக்களும் உருண்டு வெளியே போயின. எஞ்சியது கிடாரம் ஒன்றே. மீனாள் ராக்காயியின் கையைப் பிடித்து இழுத்தார். இருவருமாகக் கிடாரத்தைச் சாய்த்தனர். அப்பாவு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் சுருண்டார். கிடாரம் அவர்மேல் கவிழ்ந்தது. மூச்சுக்காக மீனாள் விளிம்பின் கீழ் ஒரு தேங்காய்ச் சிரட்டையை நுழைத்தார்.

"நாப்பத்து ரெண்டு ஆச்சு," என்றது வாசலில் பத்துமலையின் குரல். "கிடாரம் எங்க? அதத்தானே முதல்ல எழுதியிருக்கீங்க!"

கேட்டபடியே அவர் உள்ளே வந்தார். செல்லாச்சி விலக வேண்டியதாயிற்று. வெறுமையான சமையற்கட்டின் பின்சுவரோரம் கிடாரம் கவிழ்ந்து கிடந்தது. பத்துமலையின் தாயும் காரைக்குடிப் பக்கத்தவர். அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சி இது? கவுத்து வச்சிருக்கீங்க?" அவர் குரல் தாழ்ந்தது. "யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் கேட்கும்வரை அந்த எண்ணம் தமக்கு இருந்ததே இல்லை என்று மீனாள் உறுதியாகச் சொல்வார். கேட்டவுடன் விடை நாவில் நின்றது.

"எங்க செட்டியாரவுக இறந்து போயிட்டாக."

செல்லாச்சியின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. யாழ்ப்பாணத்தவரான அவருக்குக் கவிழ்த்த கிடாரத்தின் பொருள் தெரியாது. "என்ன பிள்ளை கதை..." என்று தொடங்கியவர், மீனாளின் முகத்தைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். ராக்காயி தரையில் விழுந்து கதறினார். அது நடிப்பன்று, அச்சத்தால் வந்த அழுகை.

"கழுத்துல தாலி இருக்கே, ஆச்சி?"

"சேதி நேத்துத்தான் ஒரு ஆள் சொல்லி வந்துச்சு. பதினாறுக்குத்தான் கழட்டணும்."

அழுகுரல் கேட்டுச் சிப்பாய் உள்ளே நுழைந்தான். கிடாரத்தைக் கண்டு, துப்பாக்கியின் அடிக்கட்டையால் அதன்மேல் ஓங்கித் தட்டினான். வெற்றுக் கிடாரம் கோயில் மணிபோல் ஒலிக்க வேண்டும்; அது மூட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலித்தது. பத்துமலை தலை நிமிர்ந்தார். சிரட்டையைப் பார்த்தார். மீனாளைப் பார்த்தார். பிறகு சிப்பாயிடம் திரும்பி வயிற்றைப் பிடித்துக் காட்டி, "சாக்கிட், சாக்கிட்! மாத்தி!" என்றார். நோய் வந்து இறந்த வீடு என்பதற்கு அந்த மலாய்ச் சொற்களே போதுமாக இருந்தன. சிப்பாய், கிடாரத்தைத் தொட்ட துப்பாக்கிக் கட்டையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே பாய்ந்தான்.

"தீட்டுப் பாத்திரம். பதினாறு கழிச்சு வந்து எடுத்துக்கிறேன்," என்று பத்துமலை தாளில் எழுதினார். நிலைப்படியைத் தாண்டும்போது மெல்லச் சொன்னார்: "பதினாறு நாள்னா பதினாறு நாளுதான், ஆச்சி. அதுக்கு மேல என்னால ஆகாது."

லோரி போயிற்று. கிடாரத்தை நிமிர்த்தியபோது அப்பாவுவின் காதிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் விஸ்வலிங்கம் அவரைச் சரக்கு ரயிலில் ஏற்றிப் பீடோருக்கு அனுப்பினார். அங்கே காட்டோர மரவள்ளித் தோட்டம் ஒன்றில் அவர் போர் முடியும்வரை உயிருடன் இருந்தார். ஒரு காது மட்டும் பிறகு கேட்கவே இல்லை.

மீனாளாலோ வீட்டைவிட்டு அகல முடியவில்லை. அவர் சொன்னது அன்று மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிட்டது. பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதனர். உண்மை அதை அறிந்தவர்களுக்கு அப்பால் ஒருவருக்குத் தெரிந்தாலும் அப்பாவுவின் தலை போய்விடும். ஆகவே பொட்டை அழித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். உயிருடன் இருக்கலாம் என்று தாம் நம்பிய கணவருக்காக, பிறர் பாடிய ஒப்பாரியைக் கேட்டார். செல்லாச்சி மூன்று நாட்கள் அவருடன் பேசவில்லை. நான்காம் நாள் ஒரு கோப்பை மரவள்ளிக் கஞ்சியைக் கொண்டுவந்து, "என்னாலை இப்பிடி ஒரு சொல்லுச் சொல்லேலாது. நாக்கு அழுகியிருக்கும்," என்றார்.

"எனக்கும் அழுகிருமோன்னுதான் தெனம் கண்ணாடியில பாக்கிறேன்க்கா," என்றார் மீனாள்.

பதினாறாம் நாள் கிந்தா ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. கோயில் பண்டாரம் சேவுகன் செட்டியாரின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தார். தாலியை மீனாள் தம் கையாலேயே கழற்றினார். மறுநாள் பத்துமலை வந்து கிடாரத்தை எடுத்துச் சென்றார்.  மூன்று ஆண்டுகள் மீனாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். போர் முடிந்த பிறகும் ஊரிலிருந்து கடிதம் வராததால் அதை மாற்ற அவர் துணியவில்லை. தாம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டிருக்குமோ என்ற திகில் அவரை ஒரு நாளும் விட்டதில்லை.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பினாங்கில் கப்பல் இறங்கிய சேவுகன் செட்டியார் ரயிலில் ஈப்போ வந்து சேர்ந்தார். நிலையத்தில் அவரைக் கண்ட கோயில் பண்டாரம் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடியவரைத் துரத்திப் பிடித்துத்தான் சேவுகன் நடந்ததை அறிந்தார். பண்டாரம் அறிந்திருந்தது பாதிக் கதையே; சாவுச் செய்தியை ஊருக்குச் சொன்னது யார் என்பதை மட்டும் அவர் ஐயமின்றிச் சொல்லிவிட்டார்.

செட்டியார் வீட்டுக்கு வந்தபோது மீனாள் சமையற்கட்டில் இருந்தார். மூன்று மண்சட்டிகளைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. வெள்ளைச் சேலையில் நின்ற மனைவியைக் கண்டு அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். மீனாள் அருகே வந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் செத்துப் போயிட்டேன்னு நீயா சொன்னே?" என்று அவர் கேட்டார்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."