கிரேன்காரரின் சுத்தமான ஈசிஜி

மாமாவுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். அதை அவரே தனக்கு வைத்துக்கொண்டார். உயரக் கிரேனின் கூண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கீழே நிற்பவர்கள் அவருக்கு எறும்புகள். அந்த எறும்புகளில் ஒருவன், வாக்கி டாக்கியில் அவருக்கு வழிசொல்லும் மச்சினன், அவர் மனைவியின் தம்பி.

இந்த மகாராஜாவுக்கு அவ்வப்போது நெஞ்சு தறிகெட்டு ஓடும். சும்மா இருக்கும்போதே சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். நிறுத்த ஒரு வித்தையும் வைத்திருந்தார். ஐஸ் தண்ணீரில் முகத்தை அமிழ்த்துவார். கிளினிக்குக்குப் போனாலும் வாசலிலேயே வித்தையை முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஈசிஜி சுத்தமாக வரும். அந்தப் பெருமையை டாக்டரிடமே அளப்பார்.

"ஓடும்போது எடுத்தாத்தான் என்ன கோளாறுன்னு தெரியும். அடுத்த தடவை முகத்தை நனைக்காம வாங்க" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்.

யார் கேட்டார்கள்? சுத்தமான ஈசிஜியை லேமினேட் பண்ணிக் கூண்டில் மாட்டினார் மாமா.

"மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க மாமா" என்றான் மச்சினன்.

"சொன்னா வேலை போயிடும். பயந்தாங்கொள்ளி, உன் வேலையைப் பாரு."

அவன் வேலை அவர் தூக்கும் சுமைக்குக் கீழே நிற்பது. இது அந்த மேதாவிக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் கம்பிக்கட்டு அவன் தலைக்கு மேல் வந்து நின்று ஆடியது. வாக்கி டாக்கியில் மூச்சிரைப்பு. "மச்சான்... தள்ளிப் போயிடு. கண்ணு இருட்டுது."

அவன் ஓடினான். கட்டு விறுவிறுவென்று இறங்கித் தரையில் மோதியது. அவன் நின்ற இடத்தில் பள்ளம் விழுந்தது.

கழுகை நாலு பேர் தாங்கி இறக்கினார்கள். இறங்கியதும் அவர் கேட்டது தண்ணீர் வாளி. யாரோ கொண்டுவந்து வைத்ததை மச்சினன் எட்டி உதைத்தான். கிளினிக் எதிர்ப்பக்கம்தான். அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த முறை ஈசிஜியில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. ஊசி போட்டுத் துடிப்பை அடக்கிவிட்டு டாக்டர் சொன்னார்: "இதயத்துல கரண்ட் போற பாதை ஒண்ணு கூடுதலா இருக்கு. சரிபண்ணிடலாம். அதுவரைக்கும் கிரேன் பக்கமே போகக்கூடாது."

"இது எப்பவும் வர்றதுதான் டாக்டர்" என்று முனகினார் மாமா.

மச்சினன் அந்தத் தாளை வாங்கினான்.

"மாமா, இதையும் லேமினேட் பண்ணிடவா?"