ஆறாம் கட்டிலுக்கு ஆள் யார்?

பழைய பருத்திச் சேலை ஒன்றை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். இரண்டு சுருள் முடிந்தால் இரண்டு வரி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்கிற வேலையில் கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும். ஆள் வைக்க வசதியுள்ளவர்களின் அம்மாவுக்கோ மாமிக்கோ காலையிலிருந்து பொழுது சாயும் வரை சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, திருப்பிப் படுக்க வைக்கிற வேலை. நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தினவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பேச்சு வராது. இந்த வேலைக்கு அது வசதிதான். சொந்தக்காரருக்காகப் பிளாஸ்டிக் கதிரையில் நாள் கணக்காக உட்கார்ந்து இடுப்பு நொந்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

சங்கிலி

மாத்தளை டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பத்து ஜெசீமா மாமி இடுப்பெலும்பு முறிந்து ஐந்தாம் கட்டிலில் கிடந்தார். அவருக்குத்தான் நான் துணை. மூன்றாம் நாள் ஆறாம் கட்டிலுக்கு ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வயிறு ஊதிப்போய், கை குச்சியாக இருந்தது. கூடவே காக்கி உடுப்பில் ஜெயில் மிஸ் ஒருவர். அவர் ஒரு சங்கிலியின் ஒரு வளையத்தைக் கட்டிலிலும் மற்றதை அந்த அம்மாவின் காலிலும் மாட்டிப் பூட்டினார். அந்தச் சத்தத்தில் வார்டே பேச்சை நிறுத்தியது.

பேர் பாக்கியம். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மருமகளுக்குத் தேத்தண்ணியில் பூச்சி மருந்து கலந்து கொடுத்துக் கொன்றதுக்கு ஆயுள் தண்டனை. இப்போது ஈரலில் புற்று, இனிமேல் மருந்தில்லை. துப்புரவு வேலைக்கு வருகிற பிள்ளை பத்து நிமிசத்தில் இதை எல்லாக் கட்டிலுக்கும் சொல்லி முடித்துவிட்டாள். செத்த மருமகளுக்கு அப்போது இருபத்துநாலு வயதாம். எனக்கு இப்போது அதே வயது. மெதுவாக என் கதிரையைத் தூக்கி மாமியின் மறுபக்கம் போட்டுக்கொண்டேன். மாமி அதைப் பார்த்தார். ஆறாம் கட்டிலையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "மவ்த்தாகப் போற மனுசிக்கு விலங்கு எதுக்கு மகள்? உசிரெடுக்க மலக்குல் மவ்த் வந்தா, சாவி எங்கேன்னு கேட்டுக்கிட்டா நிப்பாரு?"

பாதி பனிஸ்

வார்டில் ஒரு வழக்கம், உங்களுக்கே தெரியும். ஒரு கட்டிலுக்கு வீட்டுச் சாப்பாடு வந்தால் பக்கத்துக் கட்டிலுக்கும் கொஞ்சம் போகும். வாங்கினவரும் வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். பாக்கியம்மாவுக்கு என்று யாரும் வரவில்லை. மாமி சொன்னதால் அவருக்கும் நான்தான் கஞ்சி ஊட்டினேன், விரல் படாமல், கரண்டியை நீட்டிப் பிடித்து.

ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி கொடுத்த பனிஸ் ரொட்டியைப் பாதி பிய்த்து என் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பிடுகிற மாதிரித் திரும்பி நின்று, கடுதாசியில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக்குப் போனதும் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவின பிறகுதான் என் மகள் பாப்பாவைத் தூக்கினேன். பாப்பாவுக்கு மூன்று வயது, என் விரலைச் சப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. இப்படியே நாலு நாள். ஐந்தாம் நாளும் பாதி பனிஸ் வந்தது. கூடவே, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், "தொட்டி மூடியை மெதுவா மூடு புள்ள. அந்தச் சத்தம்தான் ஒரு மாதிரியா இருக்கு."

சாவி வைத்திருந்தவர்

கால் வீங்க வீங்க வளையம் தோலைக் கடித்தது. துணித்துண்டு ஒன்றை மடித்து இடையில் செருகினேன். ஜெயில் மிஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. கண்டிப்பாகத் தெரிவாரே தவிர நல்ல மனுசி. வீட்டில் இரட்டைப் பிள்ளைகளாம், போனில் படம் காட்டுவார். அன்று அந்தத் தைரியத்தில், எனக்கே என் குரல் கேட்காத மாதிரி, கழற்றினால் என்ன மிஸ் என்று கேட்டுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்த தமிழில், தங்கச்சிக்கு மட்டும் சிங்களத்தில் நங்கி போட்டுச் சொன்னார்: "இவ ஓடமாட்டா நங்கி, கக்கூசுக்கே நடக்க ஏலாது. ஆனா ஓடினா, பிறகு உள்ளுக்கு நான்தானே."

கை தூக்கினது

இந்த வேலையில் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் கேட்கிற கேள்வி, "இந்தக் கட்டிலுக்கு ஆள் யார்?" மருந்து எழுதின துண்டு தரும்போது, ரத்தம் எடுக்கும்போது, ஸ்கேனுக்குத் தள்ளிப் போகும்போது. கேட்ட உடனே கையைத் தூக்க வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் துண்டு வேறு கட்டிலுக்குப் போய்விடும், ஏச்சு மட்டும் நமக்கு வரும். தூக்கத்தில் கேட்டாலும் என் கை தானாக எழும்பும்.

அன்று ஜெயிலிலிருந்து, கைதிகளின் நலன் பார்க்கிற நலன்புரி ஐயா ஒருவர் ஃபைலோடு வந்து வாசலில் நின்று கேட்டார், ஆறாம் கட்டிலுக்கு ஆள் யார் என்று. மாமியின் விரிப்பை மடித்துக்கொண்டிருந்த நான் கையைத் தூக்கினேன். பேர் கேட்டார், செல்வராணி என்றேன். விலாசம், அடையாள அட்டை நம்பர், எல்லாம் சொன்னேன். வீட்டில் எத்தனை அறை என்றார். இரண்டு என்றேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு ஜெயில் மிஸ்தான் விவரம் சொன்னார். சாகக் கிடக்கிற கைதியை வீட்டில் சாக விட ஒரு வழி இருக்கிறதாம். டொக்டர்மார் எழுத வேண்டும், மேலிடத்தில் கையெழுத்தாக வேண்டும், ஏற்றுக்கொள்ள ஒரு வீடும் வேண்டும். முதல் இரண்டும் எப்போதோ ஆகிவிட்டது. மூன்றாவதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மிஸ் என் தோளைத் தட்டினார்: "வீடில்லாமத்தான் அந்த ஃபைல் இவ்வளவு நாள் கிடந்தது நங்கி. நல்ல மனசு உங்களுக்கு."

மகன்

பாக்கியம்மாவுக்குச் சொந்த மகன் இருக்கும்போது நான் எதற்கு, அவரைக் கண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தேடிப் போகத் தேவையில்லாமல் அவரே வந்தார். கிராம சேவகர் சொல்லித்தான் விசயம் தெரிந்ததாம். வார்டு வாசலைத் தாண்டவில்லை. அம்மா படுத்திருந்த பக்கம் திரும்பவுமில்லை. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நீங்கதானா அது," என்றார். சண்டை போட வந்த குரல் இல்லை. "சாக வேணாம்னு சொல்லல தங்கச்சி, ஜெயில்லயே சாகட்டும்னுதான் சொல்றேன். என் பொண்டாட்டி ரெண்டு நாள் வாயில நுரையோட இதே ஆஸ்பத்திரியிலதான் கிடந்தா. வீட்டுக்குப் போகணும், புள்ளையப் பார்க்கணும்னா. யாரு அனுப்பினாங்க?" அவர் சொன்னதில் பிழை என்று ஒரு சொல்லைக்கூட என்னால் காட்ட முடியாது. அதுதான் எனக்கு அதிகப் பயம். போகும்போது கேட்டார், உங்களுக்குப் புள்ளை இருக்கா என்று. தலையாட்டினேன். "அப்ப அடுப்படிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டுக்கங்க."

வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்குகிறவர். ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். சொல்லிவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமையே போய்ப் பிழையாகக் கை தூக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வா என்றார். சரி என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை போல. "எங்கே, எனக்கு முன்னால ஒரு தடவை இல்லைன்னு சொல்லிக் காட்டு. உனக்கு அது வந்திருந்தா நம்ம கல்யாணமே நடந்திருக்காது செல்வி."

சொல்லப் போனது

தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம், பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். மாமிக்குத் தேத்தண்ணி கொடுக்க முதலில் வார்டுக்குள் போனேன். பாக்கியம்மாவின் காலில் வளையம் இப்போது பூட்டுப்படவில்லை, அவ்வளவு வீக்கம். அதனால் மற்றக் காலுக்கு மாற்றியிருந்தார்கள். நான் துணி செருகக் குனிந்தபோது, உன் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு புள்ள என்று கேட்டார். மலைப் பக்கம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நீ எனக்கு என்ன உறவு என்றோ, ஏன் கை தூக்கினாய் என்றோ எதுவுமே.

நலன்புரி ஐயாவின் மேசை முன்னால் நின்றேன். மனப்பாடம் செய்தது மொத்தமும் பறந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சொல்லுங்க மகள் என்றார். நான் வாயைத் திறந்தேன். வந்தது, எப்போது கொண்டுவந்து விடுவீர்கள் என்பதுதான். அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "வேணாம்னு சொல்ல வர்ற ஆக்கள்தான் இப்படி வேர்த்து நிப்பாங்க. நீங்களும் அப்படின்னு நினைச்சு நான் ஃபைலைக் கட்டியே வச்சிட்டேன்."

பிஸ்கட்

பாக்கியம்மாவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டு இன்றோடு பதினோரு நாள், மாமியின் வேலையை நிறுத்திவிட்டேன். ஜன்னலுள்ள அறை அவருக்கு, மற்றது எங்களுக்கு. அடுப்படிக்குப் பூட்டு வாங்கிவிட்டேன். சாவி என் தாலிக்கயிற்றில். மண்ணெண்ணெய்ப் போத்தலையும் வெங்காயம் வெட்டுகிற கத்தியையும் கூரைக்கடியில் வைத்திருக்கிறேன். எழுந்து நடக்க முடியாதவருக்கு இவ்வளவும் எதற்கு என்று எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் அவர் இருமினால் முதலில் பாப்பா எங்கே என்றுதான் பார்க்கிறேன். பாவம் என்று தோன்றுவது அதற்கு அடுத்தது. முன்வீட்டு அக்கா சீனி கேட்டு வருவதை நிறுத்திவிட்டார்.

நேற்று கிணற்றடியிலிருந்து வந்து பார்க்கிறேன், பாப்பா அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். பாய்ந்து இழுத்தேன். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன், முகர்ந்து பார்த்தேன். காலையில் பாக்கியம்மாவின் தட்டில் நானே வைத்த மாரி பிஸ்கட். பாதி. பாப்பா வீறிட்டு அழுதாள். தண்ணீர் கொடுத்து, வாய் துடைத்து, மடியில் போட்டு, உச்சி வெயில் சாயும் வரை அவள் கண்ணையும் உதட்டையும் பார்த்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அலுத்துப்போய், சட்டி மூடியை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. கட்டிலிலிருந்து குரல் வந்தது: "பார்த்துக்கிட்டே இரு புள்ள, தப்பில்ல. உன் இடத்துல நான் இருந்தாலும் பார்ப்பேன்."

இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு விடலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், படித்தவர்கள் ஏதாவது ஒரு பக்கம் நின்று பேசிக்கொள்ளலாம், துணைக்காரிக்கு நிற்கக் கிடைப்பது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான், அங்கே நின்றுகொண்டு பயப்படுகிற கையாலேயே கஞ்சியும் ஊட்ட வேண்டியிருக்கிறது, அதனால் நான் சொல்லக்கூடியது என்னவென்றால், இருங்க, பாக்கியம்மா செல்வி செல்வி என்று கூப்பிடுகிறார், இந்தப் பதினோரு நாளில் ஒரு தரமும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாப்பாவையும் இங்கே பக்கத்தில் காணோம், நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு...