தம்பிக்கும் இருக்குமா?

எனக்கு எங்கும் வலிக்கவில்லை. இந்த நோயின் குறும்பே அதுதான். கலியாணம் முடித்த அடுத்த வருடம் முதல் பிள்ளைக்காக மருந்து குடித்தவள் என் மனைவி சிபானா. கல்முனையில் அவள் படி ஏறாத கிளினிக் இல்லை. என்னைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கடைசியில் சோதித்தார்கள். விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. விந்தகத் திசுப் பரிசோதனையில் (சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) உயிரணுக்கள் உருவாகத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுவது தெரிந்தது. அவை முதிர ஒரு மரபணு (பெற்றோர் வழியாக உடம்புக்கு வரும் கட்டளை) வேண்டும். வாப்பாவிடமிருந்து வந்ததும் பழுது, உம்மாவிடமிருந்து வந்ததும் பழுது. மருந்து இல்லை என்றார் டொக்டர்.

வாப்பாவும் உம்மாவும் சொந்தமா என்று கேட்டார். ஓம், மச்சானும் மச்சியும், மாமா மாமி பிள்ளைகள் என்றேன். கூடப் பிறந்தது ஒரு தம்பி என்றும் சொன்னேன்.

"அப்ப உங்கட தம்பிக்கும் இரிக்கலாம்."

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தம்பி அஸ்மிக்கு நிகாஹ் பேசி முடிந்திருந்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய் வாழ்வான். பெண்ணின் வாப்பா தரைக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார். அந்த வீதியால் போகப் பயந்து மோட்டார் சைக்கிளைச் சுற்று வழியில் திருப்பினேன். சொன்னால் கலியாணம் குழம்பும். சொல்லாவிட்டால்?

சிபானாதான் முடிவு கட்டினாள்.

"நான் குடிச்ச மருந்த அந்தப் புள்ளையும் குடிக்கணுமா? போய்ச் சொல்லுங்க."

ஒலுவில் கடற்கரையில் வைத்துச் சொன்னேன். அஸ்மி காலால் மணலைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தான். "எனக்கும் இரிந்தா அவங்கட ஊட்ட நானே போய்ச் சொல்றன், காக்கா" என்றான். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

அவனுடைய பரிசோதனை நாளில் ஆஸ்பத்திரி நடையில் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அலைந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

"எனக்கு எல்லாம் சரியாம், காக்கா." என் பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவன் போலச் சொன்னான்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன், மனதார. அடுத்த மூச்சிலேயே பொறாமை வந்தது. இந்த வழியில் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டும் சேர்ந்தே வரும், உங்களை நீங்களே வெறுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாதக் கணக்குப் பார்ப்பதில்லை. நாட்கள் முன்னைவிட நீளம். என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அது தம்பியின் வாழ்க்கைக்குள்ளும் கை நீட்டியிருந்தது.

தன் பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்ல நான்தான் வர வேண்டும் என்கிறான் அஸ்மி. ஓம் என்றுவிட்டேன். மோட்டார் சைக்கிளில் தனியே போகும்போது அந்தப் பாங்கை மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். குரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.