தாய்மாமன் கட்டிய பொட்டலம்

ஆறு வருடங்களுக்கு முன்பு, சித்திரை பிறக்க நான்கே நாட்கள் இருந்தபோது, நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ஒரு சின்ன அம்மன் கோயிலில் நடந்தது இது. என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டின் குலதெய்வம். சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். ஜவ்வரிசி இதிலிருந்துதான் வருகிறது என்று தெரியாமலே பாயசம் குடிப்பார்கள்.

நான் அந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்துகிறவன். நிகழ்தகவு என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் முதல் பெஞ்சில் கொட்டாவி ஆரம்பித்துவிடும். முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறேன். என் ஆய்வேட்டை முழுதாகப் படித்த ஒரே மனிதர் அதை டைப் அடித்தவர்தான், அவரும் கூலிக்காகத்தான் படித்தார். ஆனால் எங்கள் சொந்தத்தில் டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்பதால், படிப்பு விஷயம் எதுவானாலும் கடைசியில் என் வாசலுக்குத்தான் வரும்.

தங்கைக்கு ஒரே பெண். வேளாண் புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. எனக்கு என் ஆயுளில் அப்படி ஒரு கேள்வி இருந்ததில்லை. அவள் அப்பாவின் காட்டில் நாலு வருடமாகத் தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருண்டுகொள்ளும், கிழங்கு விரல் தண்டிக்கு மேல் ஊறாது. ஆனால் பக்கத்துப் பக்கத்துச் செடியில் ஒன்று படுத்துவிடும், இன்னொன்று ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். நிற்கிற செடி மண்ணால் நிற்கிறதா, தண்ணீரால் நிற்கிறதா, பிறவிக் குணத்தால் நிற்கிறதா? இதைப் பிரித்துச் சொல்லத்தான் அவள் படிக்க நினைத்தாள். அதற்குப் புள்ளியியல் வேண்டும், மரபியல் வேண்டும், காலில் கொஞ்சம் சேறும் வேண்டும்.

இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று வெளிநாட்டில், பேரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிற பல்கலைக்கழகம். உதவித்தொகை உண்டு. அங்கே வழிகாட்டியாக வரப்போகிறவர் மரபணுத் தரவுகளில் பெரிய ஆள். குச்சிக்கிழங்கைப் பற்றிக் கேட்டதற்கு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார். இன்னொன்று வடக்கே ஒரு வேளாண் பல்கலைக்கழகம். கட்டடம் மழைக்கு ஒழுகும் என்று அங்கே படிக்கிறவர்களே சொன்னார்கள். ஆனால் புள்ளியியல்காரர்களும் பயிர் ரகம் உருவாக்குகிறவர்களும் ஒரே நடைக்கூடத்தில் இருந்தார்கள். அங்கே இருந்த வழிகாட்டி ஒரு பெண்மணி. அவர் நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதி, உன் அப்பாவின் காட்டில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், சோதனைப் பாத்திகளை நீயானால் எப்படிப் பிரிப்பாய் என்றெல்லாம் கேட்டிருந்தார்.

சித்திரை பிறந்த மறுநாளுக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நான் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன்.

"மாமா, ராங்க்கு யுனிவர்சிட்டிக்குங்க. எனக்குச் சொல்லித்தரப்போறது ஒரு ஆளுதானுங்களே. அவருகிட்டச் சேந்தவங்கள்ல எத்தன பேரு முடிச்சாங்க, எத்தன பேரு பாதியில போனாங்கன்னு இதுல எங்கயும் போடலீங்க" என்றாள்.

என் வகுப்பில் ஒரு பையன் இதைக் கேட்டிருந்தால் அக மதிப்பெண்ணை அப்படியே முழுதாகப் போட்டிருப்பேன். தங்கை மகள் கேட்டதால், "எதுக்குச் சாமி கெட்டதையே நெனைக்கற?" என்றேன்.

அவள் விடவில்லை. அந்த வெளிநாட்டு வழிகாட்டியிடம் இருந்து பாதியில் விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்து எழுதிக் கேட்டிருந்தாள். அவர் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறார். எழுத்தில் வேண்டாம், போனில் சொல்கிறேன் என்று எண் அனுப்பியிருந்தார். "நான் ரெண்டு வாட்டி கூப்பிட்டு அவரு எடுக்கலீங்க. வாத்தியாருன்னு சொல்லி நீங்க கூப்பிட்டா எடுப்பாருங்க மாமா" என்று எண்ணை என்னிடம் கொடுத்தாள். நானும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்துகிற வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்றுதான் கூப்பிடவில்லை.

ஏனென்றால் தங்கை மகள் வெளிநாடு போகிறாள் என்று நான் அதற்குள் எங்கள் துறை அறையில் சொல்லிவிட்டிருந்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னதும், பதினைந்து வருடமாக என்னை ஏறெடுத்துப் பார்க்காத துறைத்தலைவர் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். மனுஷன் ஒரு நாற்காலிக்கு என்னவெல்லாம் செய்வான் என்று நீங்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இழுபறியைப் பார்த்துத் தங்கைதான் முடிவு சொன்னாள். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவ ஒண்ணு சொல்றா. அம்மங்கிட்டப் பூக் கேட்ருவமுங்ணா."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு வெட்டுவது, கடை மாற்றுவது எல்லாவற்றுக்கும் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே தெரியாதபடி கட்டி, அம்மன் காலடியில் வைத்து, பூசாரி கலைத்துப்போட்டு ஒன்றை எடுப்பார். எடுத்ததுதான் உத்தரவு. முனைவர் படிப்புக்குப் பூக் கேட்டவர்கள் நாங்கள்தான் முதலாக இருக்க வேண்டும்.

படித்த பெண் மறுப்பாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்துக்கொண்டு, "செரிங்க மாமா. என்ற மனசுல ரெண்டும் இப்ப சரிசமமாத்தான் நிக்குது. சமமா நின்னா குலுக்கிப்போட்டு எடுக்கறதுல தப்பில்லீங்களே? நீங்க நடத்தறதுதானுங்க" என்றாள்.

தாய்மாமன் கையால் பொட்டலம் கட்டுவதுதான் முறை என்றார் தங்கை வீட்டுக்காரர். "மச்சான் கட்டுனா ஆருக்கும் சந்தேகம் வராதுங்க" என்று வேறு சொன்னார். வெள்ளை வந்தால் வெளிநாடு, சிவப்பு வந்தால் வடக்கே என்று பேசிக்கொண்டோம். நான் கோயிலுக்குப் பின்னால் போய், அரளிச் செடியின் மறைவில் நின்று கட்டினேன். இரண்டிலும் வெள்ளை அரளி. சிவப்பை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். முப்பது வருடமாக நிகழ்தகவு நடத்திய அனுபவம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்குப் பயன்பட்டது.

பூசாரி எடுத்தார். வெள்ளை. பிரிக்காத பொட்டலத்தை அப்படியே கிணற்றில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் என்னைப் போன்ற ஒரு மாமனாகத்தான் இருந்திருப்பார். தங்கை கண்ணில் தண்ணீரோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் அன்றைக்கே வடக்கே இருந்த பெண்மணிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

போன முதல் ஆறு மாதம் புகைப்படங்கள் வந்தன. பனி, சிவப்பு மேல்கோட்டு, நூலகம். பிறகு அவை நின்றுவிட்டன. வழிகாட்டி மாதக்கணக்கில் பார்க்க நேரம் கொடுக்கவில்லை. கொடுத்தபோதெல்லாம் தலைப்பை மாற்றினார். குச்சிக்கிழங்கு பேச்சிலேயே இல்லை. யாரோ சேகரித்து, யாரோ சுத்தம் செய்து அனுப்பும் எண்களை அவருடைய கட்டுரைகளுக்காக அரைத்துக் கொடுப்பதுதான் இவளுடைய வேலை. அது எந்தச் செடியின், எந்த உயிரின் எண் என்றுகூடச் சில சமயம் தெரியாதாம். கூட இருந்த இரண்டு பேர் விலகிப் போனார்கள். இவள் தூங்குவதை நிறுத்தியிருந்தாள்.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டில் கறிச்சோறு. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொம்பின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அவளுடைய முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அம்மா, நான் வந்தரட்டுங்களா?"

"ஏஞ்சாமி இப்படிப் பேசற? அம்மனே வெள்ளப்பூக் குடுத்து அனுப்பி வெச்சுது. பாதியில வந்தா தெய்வகுத்தமாயிருங் கண்ணு. அது தெரியாமயா போகச் சொல்லும்? உனக்கு எதோ நல்லது வெச்சிருக்குது."

பிறகு, "மாமா இருக்கறாங்களா?" என்றாள்.

"இருக்கறேன் சாமி."

"நீங்க என்னங்க மாமா சொல்றீங்க?"

என் வாயில் அப்போது ஒரு நல்லி எலும்பு இருந்தது. அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் அடுத்த வாரம் வீட்டில் இருப்பாள். "அம்மா சொல்றதுதான் சாமி. கொஞ்சம் பல்லக் கடிச்சுக்க" என்றேன். அப்புறம் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன். சாப்பிடாமல் எழுந்துபோனேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும், ஆனால் ரசம் வரைக்கும் சாப்பிட்டேன்.

மூன்றரை வருடம் முடிகிறபோது அந்த வழிகாட்டி ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அவர் கைவிட்டுப் போன மாணவர்களை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோவை விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது, வேறு யாரையோ பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தேன். இவள் என் பக்கத்தில் வந்து நின்று, "மாமா, நாந்தானுங்க" என்றாள். அவ்வளவு இளைத்திருந்தாள். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் பகலெல்லாம் படுத்தே இருந்தாள். தட்டை யாராவது கையில் கொடுத்தால் சாப்பிடுவாள். ஜன்னலுக்கு வெளியே கிழங்குக் காடு தெரியும், அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுப்பாள்.

தங்கை கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கும் போடவில்லை. "என்ற புள்ளயக் கொண்டுபோயிக் குழியில தள்ளுன சாமிக்கு நான் எதுக்கு எண்ண ஊத்தோணும்?" என்று வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். என் குற்றத்துக்கு அம்மன் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அப்போதுதான் பெங்களூர்க்காரரின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். யார் என்று சொன்னேன். "அப்பவே கூப்பிட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே சார்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவளாகவே எழுந்து, காட்டில் மோட்டார் ரூம் படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உட்காரத் தைரியம் வரவில்லை. பொட்டல விஷயத்தைச் சொன்னேன், போன் எண் விஷயத்தையும் சொன்னேன்.

"ரெண்டுலயுமே வெள்ளைங்களா?" என்று கேட்டாள். தரவு சரிதானா என்று பார்க்கிறவள் மாதிரி, கோபமே இல்லாமல்.

"ஆமாஞ்சாமி."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அவளே எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்தாள். "நீங்க சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தா மொத வருசமே உங்களத் திட்டிப்போட்டு வந்திருப்பனுங்க மாமா" என்றாள். "சாமியத் திட்டறதுக்கு எனக்குத் தைரியம் வல்லீங்க."

அதற்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாங்க. போங்க" என்றாள்.

மறுநாள் தங்கையிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தங்கை என் முகத்தைப் பார்க்காமல், "எந்திரிச்சுப் போங்ணா" என்றாள். அந்த வார வெள்ளிக்கிழமை அவள் தேங்காய் பழத்தோடு கோயிலுக்குப் போய், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அந்த வழியும் இல்லை. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இப்போது தாய்மாமன் சீரை என் மனைவி கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

வடக்கே நான்கு பக்கம் எழுதிய பெண்மணி ஓய்வு பெற்றுவிட்டார். இவள் இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குப் போகிறாள், நடுவதற்கு நோயில்லாத கிழங்குக் குச்சிகளைப் பொறுக்கிக் கட்டுக் கட்டுகிற இடம். மறுபடி விண்ணப்பிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை என்னிடம் இல்லை.

எந்தப் பல்கலைக்கழகம், எந்த கைடு என்று இன்றைக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். விலகிப் போனவர்களைத் தேடிப் பிடித்துப் பேசச் சொல்கிறேன், அவர்களுக்கு முன்னாலேயே போன் போட்டுக் கொடுக்கிறேன், இது என் அபிப்பிராயம் மட்டும்தான் என்று இரண்டு முறை சொல்கிறேன். யோசனை சொல்கிறவன் அதைத் தன் வாயால், தன் பேரில் சொல்ல வேண்டும், அப்போதுதான் கேட்டவர் அவனைத் திட்டிவிட்டாவது வீடு வந்து சேர முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு பெண்ணுடைய மூன்றரை வருடத்தை நான் எடுத்துச் செலவழித்திருக்கிறேன்.