ஏசிப் பெட்டிக்குப் பஞ்சு வைத்த கதை

எங்கள் வாப்பாவுக்கு ஒழுகும் எதையும் கண்டால் பொறுக்காது. கிண்ணியாவில் வள்ளம் ஓட்டிப் பிழைத்தவர். ஒழுகுகிற வள்ளத்தில் முதலில் அடைக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. அந்தப் பழக்கம்தான் எங்கள் வேனையும் ஒரு கை பார்த்தது.

வள்ளத்தை விற்றுத்தான் அந்த ஜப்பான் வேனை வாங்கினார். நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து இறங்கத் தொடங்கிய காலம். அங்கே ஒரு ஹோட்டல் மனேஜர், ஏசி வேன் என்றால் நிரந்தரமாக ஹயர் ஓட்டம் தரலாம், ஆனால் ஏறிப் பார்த்துத்தான் முடிவு என்று சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் எங்களுக்கு வள்ளமும் இல்லை, வருமானமும் இல்லை. உம்மா அந்த வேனை முகம் கொடுத்தும் பார்க்கவில்லை.

அவர் வருவதற்கு முதல்நாள் ஏசியைப் போட்டால் வெறும் காற்றுத்தான் வந்தது. வாப்பா என்னை உள்ளே இருத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, "குளிருதாடா?" என்று வெளியிலிருந்து கத்தினார். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கும் விடை தெரியாதவன் நான். இதற்கு என்ன விடை வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தது.

"குளிருது வாப்பா!" என்றேன். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது.

உம்மா குசினியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து இருக்கையில் வைத்தார். "இவன்ட கதைய நம்பாதீங்க. எண்ணெ உறைஞ்சாத்தான் குளிர்."

எங்கள் ஊர் வெக்கையில் எண்ணெய் உறைந்து யாரும் கண்டதில்லை. என் ராத்தாவைக் கட்டிய மச்சான் எஞ்சினைத் திறந்து எல்லாவற்றையும் தட்டினார், முறுக்கினார், ஊதினார். கடைசியில் ஏசியைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்று கண்டு அதை இறுக்கினார். அசர் தொழுகைக்குப் பிறகு போத்தலைப் பார்த்தால் எண்ணெய் வெள்ளையாக நின்றது. உம்மா கவிழ்த்தும் பார்த்தார். விழவில்லை. வாப்பா பெருநாள் பிறை கண்டவர் மாதிரிச் சிரித்தார்.

வேனுக்கு அடியில் பார்க்கும் வரைதான் அந்தச் சிரிப்பு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"யா அல்லாஹ், வேன் ஒழுகுது!"

"அது அப்பிடித்தான் போல, மாமா" என்று மச்சான் இழுத்தார்.

"வள்ளம் ஒழுகினாலும் அப்பிடித்தான் எண்டு இருப்பீங்களா, மருமகன்?"

வேனுக்கு அடியில் நுழையக்கூடிய ஒல்லி வீட்டில் நான்தான். தண்ணீர் சொட்டிய ரப்பர் குழாயின் வாயில், வள்ளத்து வெடிப்புக்கு வைக்கிற பஞ்சை இறுக்கித் திணித்து, மேலே குங்கிலியத்தைப் பூசினேன். என் தலைமயிரிலும் பூசிக்கொண்டேன். அது யாரும் கேட்காத வேலை. அதன் பிறகு ஒரு சொட்டு வரவில்லை. "என்ட மகன்!" என்றார் வாப்பா.

மறுநாள் மனேஜர் வெள்ளைக் கால்சட்டையோடு வந்தார். வேன் குளிர்ந்து இருக்க வேண்டும் என்று வாப்பா காலையிலிருந்தே ஏசியை ஓடவிட்டிருந்தார். பின் இருக்கையில், கூரையோடு ஒட்டியிருந்த ஏசிப் பெட்டிக்கு நேர் கீழே மனேஜர். பக்கத்தில் குங்கிலியத் தலையோடு நான். கொஞ்சத் தூரம் போனதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சும்மா நுவரெலியா மலை மாதிரிக் குளிருது" என்றார். முன்னால் வாப்பாவின் கழுத்து நிமிர்ந்தது.

வாகனங்களைப் படகில் ஏற்றி அக்கரைக்கு விடும் துறை வந்தது. அந்த இறக்கத்தில் வேன் மூக்கைக் கவிழ்த்ததும் தலைக்கு மேலே 'களக்' என்று ஒரு சத்தம். காலையிலிருந்து போக வழியில்லாமல் சேர்ந்த தண்ணீர் முழுவதும் மனேஜரின் தலையில் இறங்கி, மடியை நனைத்து, காலடியில் குளமாக நின்றது.

வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். வாப்பா பிரேக்கை அமத்திவிட்டு, இருக்கைக்கு அடியில் கிடந்த வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் பழைய தகரப் பேணியை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"இறைங்க சேர், கெதியா இறைங்க! மூழ்கிரும்!"

மனேஜரும் இறைத்தார். கதவைத் திறந்து, பேணி பேணியாக, மும்முரமாக இறைத்தார். துறையில் நின்ற சனம் வாயைப் பிளந்து பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், தான் தரையில் இருப்பது அவருக்கு விளங்கியது. பேணியோடு சிரிக்கத் தொடங்கியவருக்குப் புரைக்கேறிவிட்டது.

"நீங்க வள்ளம் ஓட்டின ஆளா?"

"ஓம் சேர்." வாப்பா பேணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"அந்த அடைப்ப எடுத்துப் போடுங்கோ. ஏசி வேலை செய்தா தண்ணி சொட்டத்தான் வேணும். வேன உங்கட மருமகன் ஓட்டட்டும், ஹயர் நான் தாறன். நீங்க வேனுக்குச் சரிவரமாட்டீங்க. எங்களிட்ட ஒரு வள்ளம் சும்மா கிடக்குது. வெள்ளைக்காரரக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேணும். வாறீங்களா?"

வீட்டுக்கு வரும்வரை நான் அழுதேன். நுவரெலியாக் குளிருக்குள் ராசா மாதிரி இருந்து ஓட்ட வேண்டிய மனிதரை, பழையபடி வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் பிடித்துத் தள்ளிவிட்டார்களே! வாப்பாவோ அன்று மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, "நாளைக்குக் காத்து நல்லா இருக்கும்" என்று உம்மாவிடம் சொன்னார். உம்மாவும் சிரித்தார்.

வேலையில் இறங்கிப்போன மனிதருக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற எனக்கு விளங்கவே இல்லை.