நடுவர் காணாத பந்து

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பாரிஸ் புறநகரான சென் தெனியில் முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பைக் கேட்டு லா சப்பல் தெருவின் தமிழ்க் கடைக்காரர்கள் சிரித்தார்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர்களின் பேஸ்பால் கழகங்கள். கொல்லரும் தச்சரும் கூலி வாங்காமல் ஆடிய காலம்.

ஆட்டத்துக்கு ஒரே நடுவர். அவர் கண்ணில் படாததை ஆட்டக்காரனிடமே கேட்பார். அவனும் தான் ஆட்டமிழந்ததை ஒப்புக்கொள்வான். 'அக்கால மனிதரின் பெருந்தன்மை' என்று எழுதியிருந்தேன். பேராசிரியை அதன் கீழே கோடு போட்டார்.

"இதை நீங்களே நம்புகிறீர்களா? திங்கட்கிழமைக்குள் வேறு காரணம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்."

ஞாயிறன்று அண்ணாவின் கிரிக்கெட் ஆட்டத்துக்குத் தாள்களோடு போனேன். அண்ணா வன்னியில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இங்கே ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் சமையல் வேலை. திரான்சி மைதானத்தில் செவ்ரான் ஊர் அணியோடு ஆட்டம். துடுப்பாடும் அணியிலிருந்தே ஒருவர் நடுவராக நிற்பது அவர்கள் வழக்கம்.

வெற்றிக்கு மூன்று ஓட்டம். கடைசி விக்கெட். பந்து அண்ணாவின் மட்டையை உரசிக் கீப்பரின் கைக்குப் போனது. கீப்பர் கத்தினான். நடுவர் தலையை ஆட்டி மறுத்தார். அண்ணா மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"சாமி வாறார், தேங்காய் உடையுங்கோடா!" என்று அவருடைய ஆட்களே கத்தினார்கள்.

எனக்கும் கோபம். "நடுவர் அவுட் இல்லை எண்டுதானே சொன்னவர், அண்ணை?"

"அவர் எங்கடை ஆள், பிள்ளை. பட்டது கீப்பருக்குத் தெரியும். நான் நிண்டிருந்தா அடுத்த ஞாயிறு அவங்கள் வரமாட்டாங்கள். பிறகு ஆரோடை விளையாடுறது? புறாவோடையோ?"

அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து 'பெருந்தன்மை'யை வெட்டினேன். அந்த அமெரிக்கச் சிற்றூர்களுக்கும் பக்கத்து ஊரில் இருந்தது ஒரே கழகம். அதுவும் வராவிட்டால் ஆட்டமே இருந்திருக்காது. பழைய ஊர்ப் பத்திரிகைக் கடிதங்களை அந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். கோபித்துக்கொண்டு வராமல் போன அணிகள் அவற்றில் நிறைய இருந்தன.

திங்களன்று பேராசிரியை முழுவதையும் வாசித்தார். "இருக்கட்டும். இந்த யோசனை யாருடையது? அடிக்குறிப்பில் போடுங்கள்."

பிரெஞ்சில் எழுதியதை அண்ணாவுக்குத் தமிழில் சொன்னேன்: 'என் தமையனுடன் உரையாடல். சமையல் தொழிலாளி, பாரிஸ்.'

அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"சமையல் எண்டு ஏன் போட்டனி? தொடக்க ஆட்டக்காரன் எண்டு போடு."

இரண்டையும் போட்டேன்.