எல்லா வண்டிக்கும் ஒரே வயர்

எங்கள் பட்டறைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில், ஒரு வயர்ச் சுருள் தொங்கும். மேலூரில் கிரானைட் கல் ஏற்றும் ட்ரெய்லர்களைப் பழுது பார்க்கும் பட்டறை அது. நான் அங்கே எலக்ட்ரீசியன். எங்களுக்கு அதிகம் வேலை கொடுத்த ஓனரிடம் நான்கு ட்ரெய்லர்கள் இருந்தன. ஒன்றிலும் பின்விளக்கு எரியாது. எப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போகும் வண்டிக்கு மட்டும் காலையில் அந்த வயரை மாட்டுவோம். விளக்கு எரியும், சோதனை முடியும், சாயங்காலம் வயர் மறுபடி ஆணிக்கு வந்துவிடும். 'எப்.சி. வயர்' என்று பெயர் வேறு வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஒருமுறை எலி கடித்து அது நார் நாராகிவிட்டது. மறுநாள் அந்த நான்கில் ஒன்றை ஓட்டிய டிரைவர் அண்ணன் வண்டிக்குச் சோதனை. எலிப்புழுக்கை நாற்றத்தோடு அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, பொழுது சாஞ்சுட்டா பின்னாடி வாரவனுக்கு என் வண்டி தெரிய மாட்டேங்குது. எம்புட்டு நாளைக்குத்தான் பயந்துக்கிட்டே ஓட்டுறது? இந்தத் தடவை கழட்டாத மாதிரி மாட்டிவிடு."

எனக்கும் ரோஷம் வந்தது. கடிபட்ட இடங்களை வெட்டி எறிந்து, புது வயர் சேர்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்தேன். தரையில் உரசாமல் சட்டத்தின் உள்பக்கமாகக் குழாய்க்குள் கொண்டுபோய், முழத்துக்கு ஒரு க்ளாம்ப் அடித்தேன். வண்டி திரும்பும்போது இழுபடாமல் இருக்க லாரியோடு சேரும் இடத்தில் கொஞ்சம் தளர்வும் விட்டேன். அத்தனை விளக்குகளும் எரிந்தன. பெருமை தாங்காமல் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன்.

சோதனை முடிந்த சாயங்காலமே ஓனர் வந்துவிட்டார். "மாப்ள, ஏ ஒன் வேலை. கழட்டு, நாளைக்கு அடுத்த வண்டிக்கு வேணும்" என்றார். டிரைவர் அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன்.

அந்த வாரமே அழகர்கோவில் ரோட்டில் டயர் பஞ்சராகி அந்த வண்டி நின்றது. இருட்டத் தொடங்கிய நேரம். பைக்கில் வந்த கல்லூரிப் பையன் பின்னால் மோதினான். அவனுக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஓனர் ஸ்டேஷனில் நான் எடுத்த போட்டோவைக் காட்டினாராம். "லைட்டெல்லாம் பளிச்சுனு எரிஞ்ச வண்டி சார். டிரைவர்தான் வயரைக் கழட்டி வித்துட்டான்." டிரைவர் அண்ணனை உள்ளே வைத்தார்கள்.

அவர் மனைவி பட்டறைக்கு வந்தார். அழவில்லை. "தம்பி, நீதான கழட்டுன. அதை மட்டும் ஸ்டேஷன்ல வந்து சொல்லு" என்றார். அப்போது நான் அதே வயரை மூன்றாவது வண்டிக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். "வாரேன்க்கா, நீங்க போங்க" என்றேன். போகவில்லை. ஓனரைப் பகைத்தால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரை ஓனர் மீது இருந்த அருவருப்பு அன்றோடு என் மீதே திரும்பிவிட்டது.

இப்போது மதுரையில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. போன மாதம் மேலூர் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்குவதற்குள், "என்ன தம்பி, நல்லாருக்கியா?" என்று ஒரு காயைச் சீவி நீட்டினார். மாதம் ஒரு தடவை அந்தப் பையனைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். வாசலிலேயே நிற்கச் சொல்வார்களாம்.

"அவுங்க வீட்ல இன்னமும் என்னைய வயர் திருடன்னுதான் நெனைக்கிறாக. கோர்ட்டு, ஸ்டேஷனெல்லாம் வேணாம் தம்பி. அந்தப் பயகிட்ட மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்றியா? உன் நம்பரைக் குடு, பய நம்பரை வாங்கி அனுப்பிவிடுறேன்."

சொன்னேன். அவர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி போனில் ஏற்றிக்கொண்டார். கடைசி எண்ணை மாற்றிச் சொல்லியிருந்தேன்.